மிடில்செக்ஸ்: 1,143 பெரிதா, 296 பெரிதா என்று கேட்ட தொகுதி

ஓர் எம்.பி.யை நாடாளுமன்றம் வெளியேற்றிவிட்டது என்று செய்தி வந்தால் போதும், அடுத்த நாளே இரண்டு கேள்விகள் கிளம்பிவிடும். வெளியேற்றப்பட்டவர் அதே தொகுதியில் மறுபடி நிற்கலாமா? நின்று ஜெயித்தால் சபை அவரை உள்ளே விட்டாக வேண்டுமா? டிவி விவாதங்களில் வெளியேற்றம், தகுதியிழப்பு, பதவி பறிப்பு என்று மூன்றையும் ஒரே அர்த்தத்தில் போட்டுப் பேசுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இந்தக் கேள்விகளுக்கு இன்று நாம் சொல்லும் பதிலின் பெரும்பகுதி, இப்போது வரைபடத்திலேயே இல்லாத ஒரு தொகுதியில் உருவானது. அது இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் கவுண்டி தொகுதி. 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1885 வரை இருந்தது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு லார்ட்ஸ் மைதானத்து அணியாக மட்டும் தெரிந்திருக்கும் பெயர். ஆனால் ஒரு சபை தன் உறுப்பினரை நீக்கலாம், ஆனால் மக்கள் யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைத் தன் தீர்மானத்தால் முடிவுசெய்ய முடியாது என்ற எல்லைக்கோடு இங்கேதான் போடப்பட்டது. அது மிடில்செக்ஸில் நடந்ததற்குக் காரணம் அந்தத் தொகுதியின் அமைப்பு. அங்கிருந்தே தொடங்குவோம்.

## கவுண்டி தொகுதி என்றால் என்ன?

பழைய இங்கிலாந்தில் தொகுதிகள் பெரும்பாலும் இரண்டு வகை. நகரங்களுக்கும் சிறு ஊர்களுக்கும் தரப்பட்டவை பரோ. மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துத் தரப்பட்டது கவுண்டி. நமக்குப் பழகிய தொகுதியிலிருந்து கவுண்டி மூன்று விஷயங்களில் வேறுபட்டது.

1. இடங்கள். 40 ஆங்கிலேய கவுண்டிகளுக்கும் தலா 2 உறுப்பினர்கள். மக்கள்தொகை எவ்வளவு என்பது கணக்கில்லை. குட்டி ரட்லண்டுக்கும் 2, மிடில்செக்ஸுக்கும் 2. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் 489 உறுப்பினர்களில் கவுண்டிகளுக்குக் கிடைத்தது வெறும் 80 இடம்.

2. வாக்காளர்கள். 1430-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் வைத்திருப்பவருக்கே வாக்கு. இந்த விதி 1832 வரை, ஏறத்தாழ 400 ஆண்டுகள், மாறவே இல்லை.

3. முறை. ஓர் ஊரில் மேடை போட்டு, கவுண்டி அதிகாரியான ஷெரீப் முன்னிலையில் வாக்குப்பதிவு நடக்கும். வாக்காளர் மேடைக்கு வந்து தன் பெயரையும், நிலம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு யாருக்கு வாக்கு என்பதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பேரேட்டில் எழுதிக்கொள்வார். ஒருவருக்கு இரண்டு வாக்குகள். ரகசிய வாக்கு 1872-ல்தான் வந்தது.

மூன்றாவது அம்சத்தின் விளைவை ஊகிப்பது கடினமல்ல. உங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவரோ உங்களிடம் பெரும்பகுதி சரக்கு வாங்கும் பிரபுவோ மேடைக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் பல கவுண்டிகளில் தேர்தலே நடக்காது. பெரிய நிலக்கிழார்கள் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து, இந்த முறை உனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று முடித்துவிடுவார்கள்.

## மிடில்செக்ஸ் மட்டும் ஏன் அடங்கவில்லை?

மிடில்செக்ஸ் தேம்ஸ் நதிக்கு வடக்கே, லண்டன் நகரத்தையும் வெஸ்ட்மின்ஸ்டரையும் சுற்றிக் கிடந்த கவுண்டி. லண்டன் நகரத்துக்குத் தனியாக 4 உறுப்பினர்கள், வெஸ்ட்மின்ஸ்டருக்கு 2. ஆனால் லண்டன் தன் மதில்களைத் தாண்டி எப்போதோ வழிந்து ஓடிவிட்டது. அப்படிப் புதிதாக முளைத்த தெருக்கள், கடைகள், பட்டறைகள் எல்லாம் மிடில்செக்ஸ் கணக்கில் சேர்ந்தன.

இதோடு விலைவாசியைச் சேர்த்துப் பாருங்கள். 1430-ல் 40 ஷில்லிங் என்பது பெரிய தொகை. 18-ஆம் நூற்றாண்டில் ஒரு சின்னக் கட்டடமே அந்த வருமானத்தைத் தந்தது. ஆகவே மளிகைக்காரர், சாராயக் கடைக்காரர், கொத்தனார் மேஸ்திரி போன்றவர்களும் சட்டப்படி 'நிலவுடைமையாளர்' ஆகிவிட்டார்கள். பல்லாயிரம் ஏக்கரோடு கவுண்டியைக் கையில் வைத்திருக்கும் ஒற்றைப் பிரபுக் குடும்பம் என்று ஒன்று மிடில்செக்ஸில் கிடையாது. சுமார் 3,500 வாக்காளர்கள், யாருக்கும் பெரிதாக அடங்க வேண்டிய அவசியமில்லாதவர்கள். நாடாளுமன்றமும் அரண்மனையும் பத்திரிகை அச்சகங்களும் பக்கத்திலேயே. வாக்குப்பதிவு நடக்கும் பிரெண்ட்ஃபர்ட் ஊர் லண்டனுக்கு மேற்கே, கூட்டம் நடந்தே போய்விடும் தூரம்தான்.

இதே காலத்தில் ஓல்டு சாரம் என்ற பரோவில் ஆள் குடியிருப்பே இல்லை. விரல் விட்டு எண்ணக்கூடிய சில வாக்குகள், 2 எம்.பி.க்கள். சபையின் பெரும்பான்மை இத்தகைய இடங்களிலிருந்து வந்தது என்பதை அடுத்து வரும் கதைக்காக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## வில்க்ஸ் உள்ளே வருகிறார்

பத்திரிகை நடத்திய எம்.பி.யான ஜான் வில்க்ஸ் உத்தமர் இல்லை. மாறுகண், கூர்நாக்கு, கடன், ஆபாசக் கவிதை, சூதாட்ட சகவாசம் என்று எல்லாம் உண்டு. 1763 ஏப்ரலில் தன் பத்திரிகையின் 45-வது இதழில், பாரிஸ் சமாதான உடன்படிக்கையைப் புகழ்ந்த அரசர் உரையை வெளுத்து வாங்கினார். அரசு பெயர் குறிப்பிடாத ஒரு பிடியாணையை வைத்துக்கொண்டு 49 பேரைப் பிடித்தது. எம்.பி. என்ற உரிமையில் வில்க்ஸ் வெளியே வந்தார். பெயரில்லாப் பிடியாணை செல்லாது என்பது பிற்பாடு நீதிமன்றங்களில் நிலைபெற்றது. அதுவே தனிக்கதை. வில்க்ஸ் பிரான்சுக்கு ஓடினார். 1764 ஜனவரியில் சபை அவரை முதல் தடவை வெளியேற்றியது.

1768-ல் திரும்பி வந்து முதலில் லண்டன் நகரத்தில் நின்று கடைசி இடத்துக்குப் போனார். உடனே மிடில்செக்ஸுக்குத் தாவினார். மார்ச் 28 அன்று பிரெண்ட்ஃபர்டில் முடிவு: வில்க்ஸ் 1,292, ஜார்ஜ் குக் 827, பழைய எம்.பி. வில்லியம் பியூசாம்ப் ப்ராக்டர் 807.

அன்று லண்டன் தெருக்கள் கூட்டத்தின் கையில் இருந்தன. வாக்கே இல்லாத நெசவாளிகளும் கூலிக்காரர்களும் நீலப்பட்டை அணிந்து ஊர்வலம் போனார்கள். கண்ணில் பட்ட கதவுகளிலும் வண்டிகளிலும் சுண்ணக்கட்டியால் 45 என்று எழுதினார்கள். வழியில் மாட்டிய ஆஸ்திரியத் தூதரை வண்டியிலிருந்து இறக்கித் தலைகீழாகப் பிடித்து, அவர் பூட்ஸின் அடியிலும் 45 எழுதி அனுப்பினார்கள். வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்களும் தேர்தலில் பங்கெடுப்பது என்ற பழக்கம் இங்கிலாந்தில் இப்படித்தான் வளர்ந்தது.

பழைய வழக்குகளுக்காக வில்க்ஸுக்கு 22 மாதச் சிறை. மே 10 அன்று சிறைக்கு வெளியே கூடிய கூட்டத்தின்மீது செயின்ட் ஜார்ஜ்ஸ் ஃபீல்ட்ஸில் சிப்பாய்கள் சுட்டதில் பலர் செத்தார்கள். அந்தத் துப்பாக்கிச்சூடு அரசின் திட்டமிட்ட வேலை என்று பொருள்படும் குறிப்போடு ஓர் அமைச்சரின் கடிதத்தை வில்க்ஸ் பத்திரிகையில் வெளியிட்டார். அரசுக்கு வேண்டிய சாக்கு கிடைத்துவிட்டது.

## 1769: பத்து வாரங்களில் நடந்தது

1. பிப்ரவரி 3: 219–137 என்ற கணக்கில் சபை வில்க்ஸை வெளியேற்றியது. காரணம் ஒன்றல்ல: அந்தக் கடிதக் குறிப்பு, பழைய 45-வது இதழ், ஆபாசக் கவிதை, சிறையில் இருப்பது என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாக்குக்கு விட்டால் பெரும்பான்மை கிடைக்காது, அதனால்தான் சேர்த்துக் கட்டுகிறீர்கள் என்று முன்னாள் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் எதிர்த்தார். இவர்தான் 1763-ல் வில்க்ஸைப் பிடித்த அரசின் தலைவர். எதிரியே சொன்ன சாட்சி என்பதால் கனம் அதிகம்.

2. பிப்ரவரி 16: இடைத்தேர்தல். சிறையிலிருந்தபடியே வில்க்ஸ் போட்டியின்றித் தேர்வானார். மறுநாள் சபை, வெளியேற்றப்பட்டவர் இந்த நாடாளுமன்றத்தின் காலம் முழுக்கத் தகுதியற்றவர் என்று தீர்மானம் போட்டுத் தேர்தலை ரத்து செய்தது.

3. மார்ச் 16: மறுபடி தேர்தல், மறுபடி வில்க்ஸ், மறுபடி ரத்து. எதிர்த்து நிற்க வந்தவருக்கு முன்மொழியக்கூட ஆள் கிடைக்கவில்லை.

4. ஏப்ரல் 13: ஹென்றி லட்ரெல் என்ற ராணுவ அதிகாரியை அரசு இறக்கியது. கார்ன்வாலில் பாசினி என்ற பொடி பரோவில் இருந்த தன் இடத்தை விட்டுவிட்டு வந்தவர். வில்க்ஸ் 1,143. லட்ரெல் 296.

5. ஏப்ரல் 15: 197–143 என்ற கணக்கில் சபை, தேர்வானவர் லட்ரெல்தான் என்று அறிவித்தது.

1,143-ஐ விட 296 பெரிது என்று ஒரு சபை வாக்கெடுத்து முடிவுசெய்தது. லட்ரெல் 1774 வரை மிடில்செக்ஸ் எம்.பி.யாக உட்கார்ந்திருந்தார்.

## இரு தரப்பின் வாதம்

அரசுத் தரப்பை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. தன் தேர்தல்களுக்குத் தானே நீதிபதி என்ற உரிமையை மன்னர்களிடமிருந்து காமன்ஸ் சபை, அதாவது நாடாளுமன்றத்தின் கீழவை, போராடித்தான் வாங்கியிருந்தது. அந்த உரிமை இருந்தால் தகுதியைத் தீர்மானிக்கும் உரிமையும் உண்டு. வெளியேற்றிய ஆளே மறுநாள் திரும்பி வந்தால் வெளியேற்றத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டார்கள். முன்னுதாரணமும் காட்டினார்கள். 1712-ல் ராபர்ட் வால்போல் வெளியேற்றப்பட்டார், கிங்ஸ் லின் ஊர் அவரையே திருப்பி அனுப்பியது, சபை ஏற்கவில்லை.

எதிர்த்தரப்பு அதே முன்னுதாரணத்தைத் திருப்பிப் போட்டது. அப்போது தேர்தலை ரத்து செய்தார்களே தவிர, தோற்றவரை உட்கார வைக்கவில்லை.

இன்னொரு சங்கடம் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனுக்கு. சபையில் அவர் அரசுப் பக்கம் பேசினார். ஆனால் அவரே எழுதிய சட்ட நூலில் எம்.பி. ஆகத் தகுதியில்லாதவர்களின் பட்டியல் இருந்தது. வெளியேற்றப்பட்டவர் என்ற இனம் அதில் இல்லை. எதிரணி அந்தப் பக்கத்தை எடுத்து வாசித்துக் காட்டியது. பின்னால் வந்த பதிப்பில் அந்த இனமும் சேர்ந்துகொண்டது.

எதிர்ப்பின் சாரம் இதுதான். தகுதியிழப்பு என்பது சட்டம். சட்டம் இயற்ற மன்னர், பிரபுக்கள் சபை, காமன்ஸ் சபை மூன்றும் சேர வேண்டும். ஒரே சபை ஒரே தீர்மானத்தால் ஒருவரைத் தகுதியற்றவராக்கினால், நாட்டின் வாக்காளர்கள் எல்லோருடைய உரிமையும் அந்தச் சபையின் பெரும்பான்மை கையில் போய்விடும். அந்தப் பெரும்பான்மை எங்கிருந்து வந்தது? ஓல்டு சாரம் மாதிரி இடங்களிலிருந்து. மிடில்செக்ஸின் கோபம் அங்கேதான். தேர்தல் சீர்திருத்தம் என்ற பேச்சு இங்கிலாந்தில் சூடுபிடித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. 1776-ல் வில்க்ஸே அதற்கான மசோதாவுக்கு அனுமதி கேட்டு சபையில் பேசினார்.

நாடெங்கும் மனுக்கள் பறந்தன, சுமார் 60,000 கையெழுத்துகள். அட்லாண்டிக்கைத் தாண்டி தெற்குக் கரோலினா சட்டசபை வில்க்ஸ் ஆதரவாளர்களுக்கு 1,500 பவுண்டு அனுப்பியது. 1774 பொதுத்தேர்தலில் வில்க்ஸ் மிடில்செக்ஸில் போட்டியின்றி வென்றார். புது நாடாளுமன்றம் என்பதால் அரசும் மூச்சு விடவில்லை. ஆண்டுதோறும் பழைய தீர்மானத்தை நீக்கச் சொல்லிக் கேட்டு, கடைசியில் 1782 மே 3 அன்று 115–47 என்று ஜெயித்தார். நாட்டின் வாக்காளர்கள் அனைவரின் உரிமையையும் குலைப்பது என்ற காரணம் எழுதி, 1769-ன் பதிவுகளைச் சபைக் குறிப்பேட்டிலிருந்து அடித்தார்கள்.

## அப்புறம் மிடில்செக்ஸ்

தொகுதியின் குணம் உடனே மாறவில்லை. 1802-ல் ஃபிரான்சிஸ் பர்டெட், கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறைக் கொடுமைகளை முன்வைத்து, அந்தச் சிறைக்கு ஆதரவாக நின்ற மாஜிஸ்திரேட் வில்லியம் மெயின்வாரிங்கைத் தோற்கடித்தார். பர்டெட்டின் வாக்குகளில் பல, ஒரு மாவு ஆலையின் பங்குகளை வாங்கி அதையே 'சொந்த நிலம்' என்று காட்டியவர்களுடையவை என்று புகார். 40 ஷில்லிங் விதியை எப்படியெல்லாம் வளைக்கலாம் என்பதற்கு அது நல்ல பாடம். 1804-ல் தேர்தல் செல்லாது என்றானது. இடைத்தேர்தலில் மெயின்வாரிங்கின் மகன் 2,828, பர்டெட் 2,823. ஐந்து வாக்கு. அந்த இடம் விசாரணைக் குழுக்கள் வழியாக இருவர் கைக்கும் மாறி மாறிப் போனது. பர்டெட்டுக்கு இந்த இரண்டு தேர்தலிலும் சுமார் 1 லட்சம் பவுண்டு கரைந்ததாகச் சொல்வார்கள். நொந்துபோய் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போய்விட்டார்.

நடுவே ஜார்ஜ் பிங் என்பவர் 1790 முதல் 1847-ல் சாகும்வரை மிடில்செக்ஸின் ஓர் இடத்தில் அசையாமல் இருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1832 சீர்திருத்தச் சட்டம் ஃபின்ஸ்பரி, மேரிலபோன், டவர் ஹேம்லெட்ஸ் ஆகிய மூன்றையும் தனிப் பரோக்களாக்கியது. கொந்தளிக்கும் நகரப் பகுதிகளுக்கு இப்படித் தனி இடங்கள் கிடைத்தன. 1867-ல் செல்சியும் ஹாக்னியும் தனியாகின. ரயில் வந்தது, புறநகரில் தோட்டத்தோடு வீடுகள் வந்தன, காலையில் லண்டன் போய் மாலையில் திரும்பும் நடுத்தர வர்க்கம் குடியேறியது. வில்க்ஸின் தொகுதி மெல்லக் கன்சர்வேடிவ் கோட்டையானது. 1868-ல் லார்ட் ஜார்ஜ் ஹாமில்டன் அங்கே முதலிடம் பிடித்தார்; பின்னாளில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்தவர் இவரே. 1880-ல் நாடெங்கும் லிபரல் அலை அடித்தபோதும், லிபரல் தலைவர் கிளாட்ஸ்டனின் மகன் ஹெர்பர்ட்டை மிடில்செக்ஸ் தோற்கடித்தது.

1885 மறுபங்கீட்டுச் சட்டம் கவுண்டியை ஏழு ஒற்றை உறுப்பினர் தொகுதிகளாக உடைத்தது: பிரெண்ட்ஃபர்ட், ஈலிங், என்ஃபீல்டு, ஹாரோ, ஹார்ன்சி, டாட்டன்ஹாம், அக்ஸ்பிரிட்ஜ். ஹாமில்டன் ஈலிங்குக்குப் போனார். இன்று கனகதுர்க்கை அம்மன் கோயில் தேர் ஓடும் அதே ஈலிங்தான். 1965-ல் நிர்வாகக் கவுண்டியும் பெருலண்டனில் கரைந்தது. பழைய மிடில்செக்ஸ் கில்டுஹால் கட்டடத்தில் 2009 முதல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் இயங்குகிறது.

## சரி, சட்டத்தில் என்ன மிஞ்சியது?

1. வெளியேற்றும் அதிகாரம் சபைக்கு உண்டு. 1782-ல் நீக்கப்பட்டது தகுதியிழப்புத் தீர்மானம்தான், வெளியேற்றும் அதிகாரம் அல்ல.

2. வெளியேற்றம் ஒரு இடத்தைக் காலியாக்கும், அவ்வளவே. அதே ஆள் அந்த இடத்துக்குத் திரும்ப நிற்கலாம்.

3. தகுதியிழப்புக்குத் தனியாகச் சட்டம் வேண்டும்.

4. ஆனால் அப்படிச் சட்டம் ஏற்கெனவே இருந்து, அது தெரிந்தும் மக்கள் வாக்களித்தால், அந்த வாக்குகள் வீண் என்று கருதித் தோற்றவரை உட்கார வைக்கலாம். 1875-ல் அயர்லாந்தின் டிப்பரரி கவுண்டியில் தண்டனை பெற்ற ஜான் மிச்செல் 3,114 வாக்கு வாங்கியும், 746 வாங்கிய ஸ்டீபன் மூருக்கே இடம் போனது. 1961-ல் பிரிஸ்டல் தென்கிழக்கில் டோனி பென் 23,275 வாக்குகளோடு வென்றார். தந்தை இறந்ததால் பிரபுப் பட்டம் அவர்மேல் விழுந்திருந்தது, பிரபுக்கள் காமன்ஸில் உட்கார முடியாது. 10,231 வாங்கிய மால்கம் செயின்ட் கிளேர் எம்.பி. ஆனார்.

லட்ரெல் கதையும் பென் கதையும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் தடையின் மூலத்தில். 1961-ல் தடை சட்டத்திலிருந்து வந்தது, தீர்ப்பு தந்தது நீதிமன்றம். 1769-ல் தடையை உருவாக்கியதும் தீர்ப்பு சொன்னதும் ஒரே சபை. பென் வழக்கு சட்டப்படி சரி என்றாலும் அபத்தம் என்று எல்லோருக்கும் பட்டதால்தான், பட்டத்தைத் துறக்க 1963-ல் சட்டம் வந்தது.

## இந்தியாவுக்கு இதில் என்ன?

நேரடித் தொடர்பு இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 105(3), 194(3) பிரிவுகள் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் சிறப்புரிமைகளையே தந்தன. காமன்ஸ் என்ற பெயர் 44-வது திருத்தத்தில் போனது, உள்ளடக்கம் போகவில்லை. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டபோது வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2007 ஜனவரியில் நீதிமன்றம், வெளியேற்றும் அதிகாரம் சபைக்கு உண்டு என்று பெரும்பான்மைத் தீர்ப்பு தந்தது. அந்த விவாதத்தில் வில்க்ஸ் வழக்கும் வந்துபோனது.

தகுதியிழப்பு வேறு வழியில் வருகிறது. 102, 191 பிரிவுகளும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் தரும் காரணங்கள் மட்டுமே செல்லும். 2014-ல் ஜெயலலிதா ஸ்ரீரங்கம் இடத்தை இழந்தது இந்த வழியில், தண்டனை காரணமாக. அவரால் உடனே நிற்க முடியவில்லை. சபை வெளியேற்றியவர்களுக்கு அந்தத் தடை இல்லை. 1978-ல் மக்களவை இந்திரா காந்தியை வெளியேற்றியது. 1980-ல் பிரதமராகத் திரும்பினார். 1981-ல் புதிய மக்களவை பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. 1986-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்ட நகலை எரித்ததற்காகத் தமிழகச் சட்டமன்றம் க. அன்பழகன் உட்பட 10 தி.மு.க. உறுப்பினர்களை வெளியேற்றியது, 1989 தேர்தலில் வென்று அவர் கல்வி அமைச்சரானார். 2023 டிசம்பரில் வெளியேற்றப்பட்ட மஹுவா மொய்த்ரா, ஆறே மாதத்தில் அதே கிருஷ்ணாநகர் தொகுதியில் நின்று வென்று மக்களவைக்குத் திரும்பினார். யாரும் தடுக்கவில்லை, தடுக்கச் சட்டமும் இல்லை.